பழுது எந்தப் பக்கம்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எது சரியில்லை என்றாலும் முதலில் பொருளைத்தான் திட்டுவேன். சோறு குழைந்தால் குக்கர் சரியில்லை. கார் ஒரு பக்கம் இழுத்தால் எங்கள் மூவார் ஊர் ரோடு சரியில்லை. "இந்த வீட்டுல உங்களத் தவிர எல்லாத்துக்கும் பழுது" என்று என் மனைவி சொல்வாள். அதனால் போனில் பாட்டு மங்கலாகக் கேட்க ஆரம்பித்தபோது நான் போனைத்தான் திட்டினேன்.

இடது பக்கம் மட்டும்தான் மங்கல். கல்யாணமான புதிதிலிருந்து நான் விடாமல் கேட்கும் ஒரு பழைய பாட்டு இருக்கிறது. அதன் நடுவில் ஒரு சலங்கைச் சத்தம் வலது காதில் புறப்பட்டு, நெற்றிக்குள் நடந்து, இடது காதில் போய்ச் சேரும். இப்போது அது நெற்றிவரை வந்து காணாமல் போனது. பாடுகிறவரின் குரல் இருந்தது, தபேலாவின் கனமான அடி இருந்தது. ஜால்ரா, சலங்கை, புல்லாங்குழல் எல்லாம் இடது பக்கத்தில் ஈரத்துண்டு போட்டு மூடிய மாதிரி இருந்தன.

எனக்கு ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. நாற்காலிக் கால் இழைக்கும் இயந்திரம், ரம்பம், மரத்தூளை உறிஞ்சும் பெரிய காற்றாடி, எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் தொழிலில் பழுதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரண்டு மோட்டாரில் ஒன்று தகராறு செய்தால், இதன் வயரை அதற்கும் அதன் வயரை இதற்கும் மாற்றிக் கொடுப்போம். பழுது வயரோடு சேர்ந்து இடம் மாறினால் கெட்டது வயர். பழுது இருந்த இடத்திலேயே இருந்தால் கெட்டது மோட்டார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதுதான்.

இயர்போனில் இதைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. இடது காதுத் துண்டை வலது காதிலும், வலது காதுத் துண்டை இடது காதிலும் மாட்டிக்கொண்டால் முடிந்தது. அதை மட்டும் நான் பல மாதங்கள் செய்யவில்லை. அப்போது யாராவது ஏன் என்று கேட்டிருந்தால் நேரமில்லை என்று சொல்லியிருப்பேன். உண்மையில் எனக்குப் பயம். பழுது இடம் மாறாமல் அங்கேயே இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

அதனால் வேறு எல்லாவற்றையும் மாற்றினேன். இயர்போனை மாற்றினேன். இப்போது வரும் போனில் இயர்போன் மாட்டத் துளையே இல்லை, அதற்கென்று வால் மாதிரி ஒரு குட்டி வயர் விற்கிறார்கள், அதை மாற்றினேன். கடைசியில் போனையே எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு சீனர் வைத்திருக்கும் போன் கடைக்குப் போனேன். அவர் என் இயர்போனைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, முழுப் பாட்டையும் கேட்டார்.

"டுவா டுவா சாமா லா, போஸ்" என்றார் மலாயில். இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கிறதாம்.

நாள் முழுக்க கடைவாசலில் ஸ்பீக்கரை அலறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதர், இவர் காதுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கட்டைவிரல் அளவில் ஒரு உலோகப் பெட்டியை எடுத்து வைத்தார். போனுக்குள் பாட்டு வெறும் எண்களாகத்தான் இருக்கிறதாம். அதைச் சத்தமாக மாற்றும் வேலையைப் போன் ஏனோதானோ என்று செய்கிறதாம். இந்தப் பெட்டி அந்த வேலையைத் தான் வாங்கிக்கொண்டு சுத்தமாகச் செய்து, சத்தத்துக்கு வலுவும் ஏற்றிக் கொடுக்குமாம். எனக்கு வேண்டியிருந்த சொல் அதில் கிடைத்துவிட்டது. போன் ஏனோதானோ என்று செய்கிறது. பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போனில் பெட்டியைச் செருகினேன். சின்னதாக ஒரு நீல விளக்கு எரிந்தது. பெட்டியில் இயர்போனை மாட்டி அந்தப் பாட்டைப் போட்டேன். பொய் சொல்லக் கூடாது, வலது காதில் அப்படி ஒரு பாட்டை நான் அதுவரை கேட்டதில்லை. பாடுகிறவர் அடியை எடுக்கும் முன் மூச்சு இழுப்பது கேட்டது. தபேலாவில் விரல் எழும்புவது கேட்டது. பின்னால் எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டதுகூடக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சலங்கை புறப்பட்டது. ஒவ்வொரு மணியும் தனித்தனியாக வலது காதிலிருந்து கிளம்பி, நெற்றிக்கு வந்து, அப்படியே இல்லாமல் போனது.

பழைய மாதிரி இரண்டு பக்கமும் சுமாராக இருந்தவரை, கொஞ்சம் கூடக்குறைய என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடிந்தது. இப்போது வலது பக்கம் இவ்வளவு தெளிவாகிவிட்டதால் இடது பக்கம் எவ்வளவு போயிருக்கிறது என்று பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. பெட்டியில் வலுவைக் கூட்ட ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினேன். சத்தத்தை ஏற்றினேன். வலது காது போதும் என்று கெஞ்சியது, இடது காதுக்கு இன்னும் வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் என் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். புதுப் பொருள் என்றால் அவளுக்கும் ஆசைதான். "குடுங்க, நானும் கேட்டுப் பாக்குறேன்" என்று வாங்கி மாட்டினாள். மாட்டிய வேகத்தில் இரண்டையும் பிடுங்கி எடுத்தாள். காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இவ்ளோ சத்தத்துலயா கேக்குறீங்க?"

"புதுசு லா. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அதான் கார்ல நான் பேசுறது ஒன்னும் உங்க காதுல ஏற மாட்டேங்குது" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நீ வாய்க்குள்ளயே முனகுனா யாருக்குக் கேக்கும்?" என்று கத்திவிட்டேன். நம் ஊர்க் காரில் ஓட்டுகிறவனுக்கு இடது பக்கம்தான் மனைவி உட்காருவாள். அதற்குப் பிறகு அவள் காரில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கோபமாக இருக்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவேன், அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

தொழிற்சாலையில் மரக்கட்டைகளை அடுக்கிய பலகைகளை ஃபோர்க்லிஃப்ட் தூக்கிக்கொண்டு போகும். பின்பக்கமாக வரும்போது கீச் கீச்சென்று கத்திக்கொண்டே வரும். ஒரு நாள் காலையில் இழைப்பு இயந்திரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, கழன்று விழுந்த நட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். நான் உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். நான் குனிந்திருந்த இடத்தில் ஃபோர்க்லிஃப்டின் பின்சக்கரம் நின்றிருந்தது. என் இடது பக்கமிருந்து வந்திருக்கிறது. இழுத்தவர் என்னோடு வேலை செய்யும் மலாய்க்காரர். ஓட்டிய பங்களாதேஷ்காரன் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஹாரன் அடிச்சேன் அபாங், அடிச்சிக்கிட்டேதான் வந்தேன்" என்று, என்னை அண்ணன் என்று கூப்பிட்டு, அவனுக்குத் தெரிந்த மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னான்.

நான் அவனைத் திட்டினேன். வண்டியைப் பார்த்து ஓட்டத் தெரியாதா என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மலாய்க்காரர் மட்டும் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் காரில் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினேன். பெட்டியைச் செருகினேன். இடது துண்டை வலது காதிலும், வலது துண்டை இடது காதிலும் மாட்டினேன். விரலைத் திரையில் வைக்கும்போதே தெரிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். சலங்கை இந்த முறை இடது காதில் புறப்பட வேண்டும். சொல்லப்போனால் அது புறப்படவே இல்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, சலங்கையைக் காணோம், பிறகு திடீரென்று நெற்றியிலிருந்து கிளம்பி வலது காதுக்கு வந்தது. இயர்போன் நல்ல இயர்போன். போன் நல்ல போன். பெட்டி மிக நல்ல பெட்டி. பழுது நகரவில்லை. மனைவி கட்டிக்கொடுத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோனேன்.

காரணம் தேடினேன். பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க நாங்கள் திருப்புளியின் முனையை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்போம். அதற்காக, இரைச்சலுக்குத் தடுப்பாக மாட்டியிருக்கும் காதுச் செருகியை எடுத்துவிடுவோம். நான் எப்போதும் எடுப்பது இடது செருகியைத்தான். வலது கையில் டார்ச் இருக்கும். எடுத்ததைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, மறுபடி மாட்ட மறந்து பொழுதுக்கும் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அதுதான் காரணம் என்று கொஞ்ச நேரம் நம்பினேன். பிறகு போனில் படித்தேன். படித்திருக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் காது மங்கினால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்களாம், நரம்பில் கட்டி வளர்ந்திருக்கலாமாம். போனைக் கவிழ்த்து வைத்தேன். தலைக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்பு அதன்பிறகு என்னை விட்டுப் போகவில்லை. பல் துலக்கும்போதும் அது இருந்தது, பெட்ரோல் போடும்போதும் இருந்தது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் படுத்திருந்தேன். வெளியே நல்ல மழை, கார் நிறுத்துமிடத்துத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கமாகத் திரும்பிப் படுத்தேன். வலது காது தலையணையில் புதைந்தது. மழை ஊருக்கு வெளியே போய்விட்டது. தலையைத் தூக்கினேன், மழை தகரத்துக்கு வந்தது. மறுபடி படுத்தேன், போய்விட்டது. எனக்கு ஒரு காதுதான் இருக்கிறது, அதுவும் நாளைக்கு இப்படியாகிவிட்டால் என்று நினைத்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மெயின்டனன்ஸ்காரனுக்குக் காது போனால் யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? அதைவிட, வீட்டில் யார் என்ன பேசினாலும் வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே. எழுந்து போய் மனைவியிடம் சொன்னேன். மென்று விழுங்கித்தான் சொன்னேன்.

அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "எப்போலேர்ந்து?" என்றாள்.

"தெரியல."

"நாளைக்கே போலாம்" என்றாள்.

கிளினிக் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை என்றார். அழுக்கு இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு வேண்டியிருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். தேதி கிடைத்து அங்கே போய்ச் சேரும்வரை நான் பாட்டே கேட்கவில்லை.

காதைச் சோதிக்கிற அறை ஒரு அலமாரி அளவுதான் இருந்தது. சுவர் முழுக்கப் பஞ்சு. ஒரு பக்கம் சின்னக் கண்ணாடி ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் சோதிக்கிற மலாய்ப் பெண் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள், அவளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு என் மனைவி. எனக்கு அவர்கள் முகம்தான் தெரிந்தது, அந்தப் பெண்ணின் கையை இயந்திரம் மறைத்தது. அங்கே போகுமுன் அந்தப் பெண் என் தலையில் கனமான ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்திருந்தாள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். அவள் கதவைச் சாத்தியதும் என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது.

வலது காதுக்கு முதலில். தடித்த சத்தம், மெல்லிய சத்தம், கொசு முனகல் மாதிரி ஒன்று. அமுக்கிக்கொண்டே இருந்தேன். பரீட்சையில் தெரிந்த கேள்வியாக வந்த மாதிரி கொஞ்சம் தைரியம்கூட வந்தது. பிறகு அவள் கதவைத் திறந்து, இனி வலது காதில் இரைச்சல் வரும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம், இடது காதில் சத்தம் வந்தால் மட்டும் அமுக்குங்கள் என்றாள். கதவைச் சாத்தினாள். வலது காதில் இரைச்சல் ஆரம்பித்தது. இடது காதில் கப்பல் ஊதுவது போல ஒரு தடித்த சத்தம் வந்தது. அமுக்கினேன். இன்னொன்று வந்தது. அமுக்கினேன். அதற்கும் மெல்லியதாக ஒன்று, ரொம்ப தூரத்தில். அதற்கும் அமுக்கினேன். அவ்வளவு மோசமில்லை என்று நினைத்தேன்.

அதோடு அவள் நிறுத்திவிட்டாள். ஏதோ எழுதுகிறாள் போலிருக்கிறது என்று காத்திருந்தேன். அவசரப்பட்டு அமுக்கிவிடக் கூடாதென்று விரலைப் பொத்தானிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண் குனிந்து வேலையாக இருந்தாள். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்துக் காட்டினேன். அவள் நிமிரவில்லை. இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த சத்தம் வரும் என்று நான் ஒழுங்காக உட்கார்ந்திருந்தேன்.

இரைச்சல் நின்றது. கதவு திறந்தது. அந்தப் பெண் என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"டா ஹாபிஸ், அங்கிள்" என்றாள். முடிந்துவிட்டதாம்.

எனக்கு விளங்கவில்லை. அவளுக்குப் பின்னால் உள்ளே வந்து என் இடது பக்கம் நின்ற மனைவியிடம் தமிழில் சொன்னேன். "இடது பக்கம் இன்னும் முடியலியே. மூணு சத்தம்தான் குடுத்திச்சி, அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு நிப்பாட்டிருச்சி. கேட்டுச் சொல்லு."

என் மனைவி நாற்காலியைச் சுற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்தாள். தோளில் கையை வைத்துக் குனிந்தாள்.

"நிப்பாட்டலைங்க" என்றாள். "அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் மெஷின அமுக்கிச் சத்தம் குடுத்துக்கிட்டேதான் இருந்திச்சி."