கொழுந்து மடுவத்துக் கூட்டம்

"அக்காவ்! ஐயா வெலகிட்டாராம்!"

மேல் தேயிலை நிரையிலிருந்து லோஜினி போட்ட சத்தத்தில் மலையே திரும்பிப் பார்த்தது. கைப்பேசியைக் கூடைக்குள் மறைத்துவைத்துப் பார்க்கிறவள் அவள்.

"எந்த ஐயாடி?" என்றாள் காளியாயி.

"நம்ம கட்சித் தலைவரு, அருணகிரி ஐயா! ஒடம்புக்கு முடியலையாம், வீட்டோட இருக்கப் போறாராம். பேஸ்புக்ல அழுவுறாரு பாருங்க!"

காளியாயியின் கை நிற்கவில்லை. ஆனால் கொழுந்தோடு முற்றல் இலையும் சேர்ந்து கூடைக்குள் விழுந்தது. அவள் அப்படிப் பறிக்கிறவள் இல்லை.

நல்லதண்ணியிலிருந்து இந்தப் பொகவந்தலாவைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வருஷமே அவள் கட்சியின் தொழிற்சங்கத்தில் சேர்ந்தாள். ஆரத்தித் தட்டை ஆடாமல் பிடிப்பாள் என்று மாதர் அணித் தலைவியாக்கினார்கள். ஐயா வரும் நாளில் கங்காணி நாலு பெண்களை மட்டும் மலையிலிருந்து முன்னதாக இறக்கிவிடுவார். ஆரத்தி சுற்றி, பொட்டு வைத்து, தண்ணீரைக் கீழே ஊற்றியதும் திரும்ப மலையேற வேண்டியதுதான். கூட்டம் எப்போதும் மத்தியானம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கு அத்தோடு வேலை முடிந்துவிடும்; பெண்களுக்கு அந்தி நிறுவை வரைக்கும் கொழுந்து. ஐயாவின் பேச்சு ஒலிபெருக்கி வழியாக, காற்று கொண்டுவந்த அளவுக்கு மலைக்கு வரும். அவர் நெற்றியை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர் பேச்சை முழுசாக ஒருநாளும் கேட்டதில்லை.

ஐயா இருந்தவரை கட்சிக்குள் வாக்கெடுப்பு என்ற பேச்சே எழவில்லை. அவர் சொன்னால் சரி. இப்போது அவருடைய அக்கா மகன் சுதாகரன் ஒரு பக்கம், வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்த விஜிதரன் மறுபக்கம். புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஒருவர் ஹட்டனுக்கு வந்து வாக்குப் போட வேண்டும் என்றும், யார் என்பதை நாளைக்குள் சொல்ல வேண்டும் என்றும் சங்கத்தின் தோட்டத் தலைவர் பொன்னையாவுக்கு அழைப்பு வந்தது.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக்கொடுக்கும் இடத்தில், காளியாயி அவரை மறித்தாள்.

"அண்ணே, கூட்டம் எப்ப?"

"மத்தியானம், கோயிலடில. எப்பயும் போலத்தான்."

"அப்ப நாங்க மலையில நிப்போம். அந்திக்கு மடுவத்துல வச்சா என்ன?"

"கொழுந்து நிறுக்கிற எடத்துல கட்சிக் கூட்டமா?" பொன்னையா சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "தராசுல ஏத்தியா தலைவரை எடுக்கப் போற தங்கச்சி?"

ஆண்களும் சிரித்தார்கள். அவள் கூடையை மாட்டிக்கொண்டாள். ஆனால் மலைக்குப் போனதும் நிரை நிரையாக ஒரு பேச்சு இறங்கியது. ஒருத்தி அடுத்தவளிடம் சொன்னாள், அவள் அதற்கடுத்தவளிடம். மத்தியானத்துக்குள் கடைசி நிரைக்கும் சேதி போய்விட்டது.

தேத்தண்ணிப் போத்தலோடு மலைக்கு வந்தான் அவள் புருஷன் ஜெயகாந்தன். முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"கூட்டம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சி. பொன்னையா அண்ணன்தான் போறாரு."

"நீங்களும் கை தூக்குனீங்களா?"

"எல்லாரும் தூக்குறப்ப நான் மட்டும் சொறிஞ்சிக்கிட்டா நிக்கிறது?"

"நல்லா தூக்குனீங்க போங்க," என்றாள் லோஜினி. "ஒரு நாளைக்கு எங்க அக்கா கூடையைத் தூக்கிப் பாருங்க."

அந்தி நிறுவை முடிந்தது. கொழுந்தை நிறுத்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. அடுப்பு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், பனி இறங்கிக்கொண்டிருந்தது, ஒருத்தியும் நகரவில்லை. காளியாயி மடுவத்துப் படியில் ஏறினாள். ஆரத்தித் தட்டு இல்லாமல் ஆட்களுக்கு முன்னால் நிற்பது இதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"சங்கத்துல பாதிக்கு மேல நாமதான். நம்மள எண்ணாம ஒரு பேர் போவப் போவுது. ஹட்டனுக்கு நான் போறேன். சம்மதம்னா கை தூக்குங்க. இல்லாட்டி இப்பவே சொல்லிருங்க, நான் எறங்கிர்றேன்."

சாக்குப் படங்கு கட்டிய இடுப்புகளிலிருந்து கைகள் எழுந்தன. கொழுந்துக் கறை படிந்த கைகள், மடுவத்தின் இந்தக் கோடியிலிருந்து வெளியே பாதை வரைக்கும். யாரோ குலவையிட்டார்கள்.

சத்தம் கேட்டு மூச்சிரைக்க ஓடிவந்தார் பொன்னையா. பின்னாலேயே ஆண்களும். அவர் பார்வை கைகளின் மேல் ஓடி ஒரு கையில் நின்றது. அது அவருடைய மனைவி ராக்காயியின் கை.

"அடியே, நீயுமா?"

"பின்ன? மத்தியானம் என்னைக் கூப்புட்டீங்களா?" ராக்காயி கையை இறக்கவில்லை. "மிச்சத்த வீட்டுல பேசிக்குவோம். இப்ப எண்ணுங்க."

மடுவம் சிரிப்பில் அதிர்ந்தது. பொன்னையா எண்ணத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டார். மத்தியானம் தனக்குக் கிடைத்த கைகளை அதற்கு முன்பே தாண்டியாயிற்று. தலையைச் சொறிந்துகொண்டே கைப்பேசியை எடுத்தார். ஹட்டன் காரியாலயத்துக்கு அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"ஆமாங்க, காளியாயி. இல்லைங்க, ஆம்பள இல்ல. கொழுந்து பறிக்கிறவங்கதான்... ஆமா, கை எண்ணித்தான் எடுத்தோம்."

ஜெயகாந்தன் கூட்டத்துக்குள்ளிருந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

காளியாயிக்கென்று பொன்னையா ஹட்டனுக்குக் கொடுத்த எண் லோஜினியுடையது. மறுநாள் மலையில் அவள் கைப்பேசி கூடைக்குள் அடித்தது. எடுத்துக் கேட்டவளின் கண் விரிந்தது.

"அக்கா! சுதாகரன் ஐயா! அவரேதான் பேசுறாரு!"

காளியாயி கையைப் படங்கில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அந்தப் பக்கத்துக் குரல் நலம் விசாரித்தது. அம்மா என்று அழைத்தது. நாளைக்கு மத்தியானம் தோட்டத்துக்கு வந்து கோயிலடியில் எல்லோரையும் சந்திப்பதாகச் சொன்னது. ஆரத்தி எல்லாம் வேண்டாம், எளிமையாக இருக்கட்டும் என்றது.

"ஆரத்தி இல்லீங்க ஐயா," என்றாள். "கோயிலடியும் வேணாம். மத்தியானம் வந்தீங்கன்னா ஆம்பளைங்கதான் இருப்பாங்க. அந்தி நிறுவைக்கு மடுவத்துக்கு வாங்க. விஜிதரன் ஐயாவையும் அங்கதான் வரச் சொல்லப் போறோம். ரெண்டு பேரும் பேசுங்க. நாங்க முழுசா கேக்கணும்."

அந்தக் குரல் பக்கத்தில் யாரிடமோ தணிவாக எதையோ கேட்டது. பிறகு, "சரிங்கம்மா, அந்திக்கே வர்றேன்," என்றது குரல்.

நிரை முழுக்க ஓவென்று கூச்சல் எழுந்தது. கீழே கங்காணி, "என்னா சத்தம் அங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.