பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

ஆஸ்பத்திரியில் அவளைப் ‘பரிசுத்தம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, கூட வேலை செய்கிறவர்கள் ஒட்டியது. அதில் பாதி மரியாதை, பாதி நக்கல். அவள் காதில் ஒரு பாதிதான் விழும்; எந்தப் பாதி என்று சொல்ல வேண்டியதில்லை.

அடித்தளத்தில், ஆபரேஷன் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறையில் அவளுக்குப் பதினாறு வருஷ வேலை. மேலேயிருந்து ரத்தத்தோடு இறங்கும் கத்தரியும் இடுக்கியும் முதலில் கழுவப்படும். பிறகு காய்ந்து, இரண்டு சுற்றுத் துணிக்குள் பொட்டலமாகி, மேலே ஒரு டேப் ஒட்டப்பட்டு, நீராவி இயந்திரத்துக்குள் போகும். வெளியே வரும்போது, சூடு சரியாக ஏறியதற்கு அடையாளமாக டேப்பில் கறுப்புக் கோடு விழுந்திருக்க வேண்டும். கோடு விழாத பொட்டலம், ஈரம் பட்ட பொட்டலம், ஓரம் பிரிந்த பொட்டலம் எல்லாம் ஒன்றுதான். உள்ளே யார் கையும் படவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் திரும்ப முதலிலிருந்து கழுவ வேண்டும். இந்த விஷயத்தில் பரிசுத்தத்தை மிஞ்ச ஆளில்லை. புதிதாக வருகிற நர்சுகளை மேட்ரன் நேரே அவள் மேஜைக்குத்தான் கூட்டிக்கொண்டு வருவார்.

வாழ்க்கையையும் அவள் அப்படித்தான் கட்டி வைத்திருந்தாள். சினிமா கிடையாது, சீரியல் கிடையாது, காதிலும் கழுத்திலும் குந்துமணித் தங்கம் கிடையாது. கேன்டீனில் நாலு பேர் கூடி ஐந்தாவது ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டம்ளரைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள். மற்றதையெல்லாம் கேலி செய்தவர்கள் இந்த ஒன்றை மட்டும் கேலி செய்ததில்லை. அவளிடம் சொன்ன பேச்சு வெளியே போகாது என்று ஆஸ்பத்திரிக்கே தெரியும்.

மேஜையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பொட்டலம் கட்டுகிறவளுக்குச் சரவெடி என்று பெயர். வாயைத் திறந்தால் ஓயாது. சிரித்தால் மாடிப்படி வரை கேட்கும். அவளுக்குச் சாமியும் கிடையாது, சாத்தானும் கிடையாது. மூன்று வருஷமாக இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து துணி மடித்தார்கள். பரிசுத்தம் அவளைத் திருத்தப் பார்த்தாள். அவள் பரிசுத்தத்தைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். இரண்டுமே நடக்கவில்லை. ஆனாலும் ஒருத்தி லீவு போட்டால் இன்னொருத்திக்குக் கை ஓடாது.

ஒருநாள் சரவெடி சத்தமில்லாமல் வேலை பார்த்தாள். என்னவென்று கேட்டதும் பொலபொலவென்று அழுதுவிட்டாள். அவள் புருஷன் கப்பலில் சமையல்காரர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். கப்பலும் இல்லை, கடலும் இல்லை. குடித்துவிட்டு லாரி ஓட்டி ஒரு மனுஷனை அடித்துப் போட்டுவிட்டு, நாலு வருஷத் தண்டனையில் ஜெயிலில் இருந்தான். இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி. பத்து வயது மகளுக்கு இது தெரியாது. வீட்டுச் சுவரில் ஒரு உலக வரைபடம் ஒட்டியிருக்கிறது. மாதா மாதம் அம்மாவும் மகளும் அப்பாவின் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று பார்த்து அங்கே புதிதாக ஒரு சிவப்பு ஊசியைக் குத்தி வைப்பார்கள். துறைமுகத்தைத் தேர்ந்தெடுப்பது அம்மா.

“பாப்பாக்கு நானே சொல்லுவேன்க்கா. இன்னும் கொஞ்சம் விவரம் வரட்டும்” என்றாள் சரவெடி. உள்ளபடியே பரிசுத்தத்துக்குக் கண் கலங்கியது. அது நடிப்பில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

இனி நடந்ததைச் சொல்லத்தான் கூசுகிறது. அவள் போகும் சபையில் சகோதரிகள் ஜெபக் குழு என்று ஒன்று உண்டு. எல்லாம் போனில்தான். நாற்பத்துமூன்று பேர். காலையில் யாராவது ஒரு ஜெபக் குறிப்பு போடுவார்கள். மகனுக்கு விசா, நாத்தனாருக்குக் கர்ப்பப்பை, எதிர்வீட்டாருக்கு மனந்திரும்புதல் என்று வந்து விழும். உடனே வரிசையாகக் கூப்பிய கைகள் முளைக்கும். பரிசுத்தத்திடமிருந்து குறிப்பு வந்து பல மாதமாயிற்று. அவள் வீட்டில் நோய் நொடி இல்லை, அவள் யாரைப் பற்றியும் பேசுவதுமில்லை. போன ஞாயிறு போதகரின் மனைவி தோளைத் தொட்டு, வேலை செய்கிற இடத்தில் ஒரு ஆத்துமாவுக்காகக்கூட ஜெபிக்க மனதில் பாரம் வரவில்லையா என்று கேட்டிருந்தார். அது முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அடுப்படியில் நின்று அவள் குரல் பதிவு அனுப்பினாள். பெயர் சொல்லவில்லை. தன்னோடு வேலை செய்கிற ஒரு சகோதரி, புருஷன் ஜெயிலில், பிள்ளைக்கு அப்பா கப்பலில் என்று சொல்லி வளர்க்கிறாள், பாரத்தோடு ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றாள். குரல் அங்கங்கே தழுதழுத்தது. ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் நிமிர்ந்து பார்த்தார். எலக்ட்ரீஷியன், அளந்து பேசுகிற மனுஷன்.

“உன்கூட வேலை செய்றது ஒரே ஒருத்தி. பேர் சொல்லலைன்னாலும் சொன்ன மாதிரிதானே?”

“ஜெபத்துக்குத்தானே சொன்னேன்” என்றாள் அவள்.

பஸ்ஸில் போனைத் திறந்து பார்த்தபோது முப்பத்தெட்டு பேர் கை கூப்பியிருந்தார்கள். மூன்று பேர் அழுதிருந்தார்கள். போதகரின் மனைவி, ‘உங்கள் பாரத்துக்காக ஸ்தோத்திரம்’ என்று எழுதியிருந்தார். உடம்பெல்லாம் இனித்தது. அதை அவள் ஆவிக்குரிய சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள். கேன்டீனில் டம்ளரைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள், இங்கே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது அவளுக்குத் தெரியவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் ஒருத்தியுடையது, கெட்டது இன்னொருத்தியின் வீடு. பத்து நாள் கழித்துக் குழுவிலிருந்து ஒரு சகோதரி கூப்பிட்டாள். அவள் அந்தக் குரல் பதிவைச் சமைத்துக்கொண்டே சத்தமாகப் போட்டிருக்கிறாள். பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் கேட்டிருக்கிறாள். அப்பா கப்பலில் இருக்கிற பிள்ளை, அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை, தன் வகுப்பில் ஒருத்திதான் என்று அவளுக்குக் கணக்குப் போட அதிக நேரம் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் போய் அந்தப் பிள்ளையிடமே கேட்டுவிட்டாள். “சின்னப் புள்ள, தெரியாம சொல்லிட்டாக்கா. ஜெபிச்சுக்கோங்க” என்று சொல்லி அந்தச் சகோதரி போனை வைத்தாள்.

பரிசுத்தம் பதிவைத் தேடிப் பிடித்து அழிக்கப் பார்த்தாள். எல்லோருக்கும் அழிக்கிற நேரம் கடந்துவிட்டது. தன் போனில் மட்டும் அழிக்கலாம் என்றது. அழித்தாள். தன் கண்ணுக்கு மட்டும் இல்லாமல் போனது.

இரண்டு நாள் லீவுக்குப் பிறகு சரவெடி வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. மகள் அழக்கூட இல்லையாம். நேரே வந்து சுவரிலிருந்த வரைபடத்தைக் கிழித்தாளாம். ஊசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அம்மா கையில் கொடுத்துவிட்டு, “எல்லா ஊரும் பொய்யா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். அப்புறம் பேச்சே இல்லை. பள்ளிக்கூடமும் போகவில்லை.

யார் சொல்லியிருப்பார்கள் என்பதில் சரவெடிக்குச் சந்தேகமே இல்லை. மாதம் ஒருமுறை ஜெயிலுக்குப் போக லீவு எழுதும்போது காரணத்தை உள்ளபடி எழுதியிருந்தாள். அதைப் படித்தது ஆபீஸ் குமாஸ்தா ஒருவர்தான். எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற மனுஷன். அவரை வராந்தாவில், பத்து பேர் பார்க்க, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுத்தான் கீழே இறங்கியிருந்தாள். மேட்ரனிடம் எழுதியும் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் விசாரணை.

“உங்களுக்கும் அவருக்கும்தான்க்கா தெரியும்” என்றாள் சரவெடி. பரிசுத்தத்தின் மேல் ஒரு நொடிகூட அவள் பார்வை நிற்கவில்லை, தாண்டிப் போய்விட்டது. அந்த நம்பிக்கை செருப்பால் அடித்ததைவிட மோசமாக இருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பரிசுத்தமோ, “கர்த்தர் பாத்துக்குவார்” என்றாள். தன் குற்றத்தை மறைக்க ஆண்டவரையே திரையாக இழுத்து விட்டவளை என்ன சொல்ல.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அவளுக்குக் குறுகுறுப்போடு நிற்கவில்லை, சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு அந்த ஞாயிறு சகோதரிகள் கூட்டத்தில் பேசுவதும் அவள்தான். தலைப்பு, ‘இந்த நாட்களில் பரிசுத்த ஜீவியம்’. நோட்டில் தலைப்பை எழுதி அடிக்கோடும் போட்டாள். அதற்குக் கீழே என்னவெல்லாம் எழுதுவாள் என்று அவளுக்கே மனப்பாடம். சினிமா, சீரியல், நகை. அந்தப் பட்டியலில் எதுவுமே ஒரு பிள்ளையின் சுவரிலிருந்து வரைபடத்தைக் கிழித்ததில்லை. கிழித்தது ஜெபக் குறிப்பு. வெட்கத்தில் நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் லோடு இயந்திரத்துக்குள் போனதும் அவள் வாயைத் திறந்தாள்.

“குமாஸ்தா சொல்லல. நான்தான் சொன்னேன்.”

சரவெடியின் கை துணியின் ஒரு மூலையில் நின்றது. யாரிடம் என்று கேட்டாள். ஜெபக் குழுவில் என்றாள் பரிசுத்தம். பேர் சொல்லவில்லை, ஜெபிக்கத்தான் சொன்னேன் என்றும் சேர்த்துக்கொண்டாள். சொன்ன கையோடு அந்த வார்த்தை அவளுக்கே நாறியது. எத்தனை பேர் என்று அடுத்த கேள்வி வந்தது. நாற்பத்துமூன்று.

வெடிக்கும் என்று காத்திருந்தாள். வெடிக்கவில்லை. சரவெடி அந்தப் பொட்டலத்தை முழுவதும் கட்டி முடித்தாள். டேப் ஒட்டி, தேதி எழுதி, தள்ளி வைத்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

“சரி, ஜெபத்துக்குத்தான் சொன்னீங்க. நீங்க பண்ணீங்களா? எனக்காக, தனியா, ஒரே ஒரு தடவ?”

‘ஆமா’ என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. யார் கேட்டாலும் ‘ஜெபிக்கிறேன்’ என்று சொல்லிப் பழகிய நாக்கு. அவள் அதைப் பிடித்து நிறுத்திவிட்டு அந்தக் காலையை நினைத்துப் பார்த்தாள். பதிவு அனுப்பினாள். பஸ் ஏறினாள். கூப்பிய கைகளை எண்ணினாள். மறுநாள் இன்னொருத்தியின் ஆபரேஷனுக்குத் தானும் ஒரு கை கூப்பினாள். நாற்பத்துமூன்று பேரை முழங்காலில் நிற்கச் சொன்னவள், தான் நிற்கவே இல்லை.

“இல்ல” என்றாள்.

“கேன்டீன்ல எந்திரிச்சுப் போவீங்களே, அதப் பாத்துத்தான்க்கா உங்ககிட்ட சொன்னேன்” என்றாள் சரவெடி. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“இனிமே பண்றேன். பாப்பா பேரு என்ன?”

மூன்று வருஷம் எதிரே உட்கார்ந்தும் அவள் அதைக் கேட்டதில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

“வேணாம். அவ பேரு உங்க வாயில வர வேணாம்.”

மத்தியானம் மேட்ரன் முன்னால் குமாஸ்தாவைக் கூட்டி வைத்துப் பரிசுத்தம் எல்லாவற்றையும் சொன்னாள். மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். குமாஸ்தா, “பரவால்லம்மா” என்றார். ஒரு வாரமாக யாரும் அவரோடு சேர்ந்து டீ குடிக்கவில்லை. அந்தப் ‘பரவால்ல’யை அவள் வீடு வரை சுமந்துகொண்டு போனாள். திங்கட்கிழமையிலிருந்து தனக்கு வேறு ஷிப்ட் வேண்டும் என்று சரவெடி எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிறு பேச முடியாது என்று சொல்லப் பரிசுத்தம் போதகர் வீட்டுக்குப் போனாள். காரணத்தைச் சொன்னதும் போதகரின் மனைவி அவள் கையைப் பற்றிக்கொண்டார். நல்ல மனுஷிதான். “அதையே சாட்சியா சொல்லுங்களேன். எத்தன பேருக்கு ஆசீர்வாதமா இருக்கும்” என்றார்.

ஒரு கணம் அவளுக்கு ஆசை வந்தது. அதையும் ஒளிக்கக் கூடாது. மைக் முன்னால் நின்று உடைந்து அழுகிற தன்னை அவள் பார்த்துவிட்டாள். எத்தனை பேர் கண்ணைத் துடைப்பார்கள் என்றுகூடத் தெரிந்தது. அப்புறம் சிவப்பு ஊசிகள் ஞாபகம் வந்தன.

“அந்தக் கதைய நான் ஏற்கெனவே ஒரு தடவ சொல்லிட்டேன்மா. அது என்னோட கதை இல்ல” என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு வேறொரு சகோதரி பேசினாள். பரிசுத்தமாக வாழ்கிறவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள் என்று சொல்லிக் கடைசி வரிசையைக் காட்டினாள். தலைகள் திரும்பின. அங்கே உட்கார்ந்திருந்த பரிசுத்தம் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் மேஜையின் எதிர்ப்பக்கம் காலி. விடிந்ததும், போனை அடுத்த அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு முழங்கால் போடுகிறாள். “ஆண்டவரே, அந்தப் பிள்ளை” என்று ஆரம்பித்து நின்றுவிடுகிறாள். பெயர் தெரியாது. அதே வகுப்பில் மகளை வைத்திருக்கிற சகோதரி குழுவில்தான் இருக்கிறாள். ஒரு வரி எழுதிக் கேட்டால் அடுத்த நிமிஷம் பெயர் வந்துவிடும். அவள் கேட்கவில்லை.