இருபத்தொரு கல் நிறையோடு ஊருக்குப் போனது

இந்த நாட்டில் மனிதரைக் கல்லால் நிறுக்கிறார்கள். ஒரு கல் என்றால் பதினாலு இறாத்தல், ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நான் வந்த புதிதில், நேர்ஸ் பயிற்சிக்குச் சேருமுன் செய்யும் பரிசோதனையில், ஒரு வெள்ளைக்காரி என்னைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு "ஏழு கல்" என்றாள். வயிற்றுக்குள் ஏழு கல் இருக்கிறது என்கிறாளாக்கும் என்று நினைத்து, "எனக்கு நோவு ஒன்றும் இல்லையே" என்று சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பதினாலு வருஷத்துக்குப் பிறகு, இந்த மாசி மாதம், எங்கள் பகுதி டொக்டரின் தராசு என்னை நிறுக்க முடியாமல் நின்றுவிட்டது. அதில் இருபது கல்லுக்கு மேல் இலக்கம் இல்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு துண்டு எழுதி, நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதிக்கே அனுப்பினார். அழுக்குத் துணி மூட்டைகளை நிறுக்கிற தராசு அங்கே இருக்கிறது. அதற்குப் பொறுப்பான அயர்லாந்துக் கிழவர் என்னை ஏறச் சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "நீங்களே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், சிஸ்டர்" என்றார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இருபத்தொரு கல், நாலு இறாத்தல்.

லண்டனில், ஆற்றின் மற்றக் கரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. இரைப்பையைச் சின்னதாக்கித் தைத்து, மனிதரை மெலிய வைக்கிற நிபுணர் ஒருவர் அங்கே இருக்கிறார். அந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட இரண்டு பேரை எங்கள் வாட்டில் நானே பராமரித்திருக்கிறேன். ஒருத்தி எட்டு மாதத்தில் பாதியாகி, பூச்செண்டோடு வந்து எங்களுக்கெல்லாம் நன்றி சொன்னாள். மற்றவர் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. இரண்டும் தெரிந்துதான் டொக்டரிடம் எனக்கும் எழுதித் தரச் சொன்னேன். முதல் சந்திப்புக்கு வைகாசியில் நாள் கிடைத்தது. அதற்கு முன் நிரப்பி வைக்கச் சொல்லி நாலு பக்கப் படிவம் ஒன்று தபாலில் வந்தது.

எந்த வயதில் எவ்வளவு நிறை என்று கேட்டிருந்தார்கள். இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளும் என்ன சாப்பிட்டேன் என்று ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னார்கள். தாய் தகப்பன் எந்த வயதில், எந்த வருத்தத்தால், என்ன நோயால் இறந்தார்கள் என்று கேட்டார்கள். கடைசியில், சிகிச்சைக்குப் பிறகு ஆறு மாதம் உங்களைப் பார்த்துக்கொள்ளப்போகும் உறவினரின் பெயரும் கையெழுத்தும்.

நான் எப்படி இப்படியானேன் என்று ஊரில் இருந்து வாசிப்பவர்கள் கேட்கலாம். பசிக்குச் சாப்பிட்டு யாரும் இப்படி ஆவதில்லை. வேலை முடிந்து அறைக்கு வந்து கதவைப் பூட்டினால், மறுநாள் காலைவரை என்னோடு கதைக்க ஒருவரும் இல்லை. பாணை வாட்டி, பட்டர் பூசி, சீனி தூவி, கட்டிலில் இருந்து சாப்பிடுவேன். ஒரு வருஷம் அம்மாவின் கடிதம் வந்தது. ஊரில் மாவுக்குத் தட்டுப்பாடு, ஒரு இறாத்தல் பாணுக்குக் கூட்டுறவுச் சங்கக் கடை வாசலில் வெயிலில் நிற்கிறோம் என்று எழுதியிருந்தா. அதை வாசித்தபோது என் மடியில் ஆறாவது துண்டு இருந்தது. வாசித்து முடித்து, அழுதுவிட்டு, அந்தத் துண்டையும் சாப்பிட்டேன். படிவத்தில் அதை எழுத இடம் இல்லை.

அப்பாவின் பகுதி சுலபம். இங்கிலீஷ்காரர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது அவருக்கு டொக்யார்ட் வேலை போனது; இரண்டு வருஷத்தில் நெஞ்சு நோவில் ஆளும் போனார். அம்மாவின் இடத்தில்தான் பேனை நின்றது. மூன்று வருஷத்துக்கு முன் தம்பி தங்கராசா அடித்த தந்தியில் "அம்மா திடீரெனக் காலமானார்" என்று மட்டும் இருந்தது. அந்த முறை எனக்கு லீவு தந்தார்கள். போகக் கையில் காசும் இருந்தது. நான் போகவில்லை. ஊருக்கு நான் கடைசியாக அனுப்பிய படம் ஏழு கல் காலத்துப் படம். அதற்குப் பிறகு வளர்ந்த உடம்பை அம்மாவின் செத்தவீட்டில் கொண்டுபோய் நிறுத்த எனக்குத் துணிவு வரவில்லை. பிளேன் கிடைக்கவில்லை என்று தம்பிக்கு எழுதினேன். இதை இன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

இந்த முறை போனேன். கத்திக்குக் கீழே படுக்குமுன் தம்பியின் முகத்தைப் பார்க்கவேண்டும், கையெழுத்தையும் வாங்கவேண்டும். சித்திரையில் மூன்று கிழமை லீவு எடுத்தேன்.

ஊருக்குப் போகும் ரயில் கந்தளாயைத் தாண்டியதும் எனக்கு வியர்க்கத் தொடங்கியது. திருகோணமலை ஸ்டேஷனில் தங்கராசா வேட்டியும் வெள்ளைச் சேட்டுமாய் நின்று ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே கடந்து போனான். கடைசிப் பெட்டிவரை போய்த் திரும்பி வந்து, மறுபடியும் என்னைக் கடந்தான். சனம் கலைந்து மேடையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம். "தம்பி" என்றேன். குரலைக் கேட்டுத்தான் திரும்பினான். பிறகு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "பயணம் எப்பிடி அக்கா?" என்று நிலத்தைப் பார்த்துக் கேட்டான்.

அவன் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக். வீடு ஓர்ஸ் ஹில்லில், கீழே உள்துறைமுகத்தின் தண்ணீர் தெரிகிற பக்கம். அன்று பின்னேரமே அயலட்டைச் சனம் வந்துவிட்டது. எதிர்வீட்டு ரீச்சர் என் கையைப் பிடித்து, "லண்டன் தண்ணி நல்லா ஒத்துக்கொண்டிருக்கு. என்ன வாட்டசாட்டமா இருக்கிறீங்கள்" என்றா. இன்னொருத்தி தன் மகளைக் காட்டி, "இவளையும் அங்க எடுத்துவிடுங்கோ, கொஞ்சம் சதை பிடிக்கட்டும்" என்றா. ஒருவரும் பகிடி பண்ணவில்லை. அவர்களுக்கு இது உண்மையான சந்தோஷம். லண்டனில் எந்த உடம்பை வருத்தம் என்று பைலில் எழுதி வைத்திருக்கிறார்களோ, அதே உடம்பு இங்கே செல்வமாக இருந்தது. "எனக்குச் சுகமில்லை" என்று சொல்லிப் பார்த்தேன். "குளிரில இருந்து வந்தது, வெக்கை ஒத்துக்கொள்ளாதுதான்" என்றார்கள்.

தம்பியின் மனைவி மலர் மூன்று நேரமும் சமைத்தாள். பிட்டு, நண்டுக் கறி, முட்டைப் பொரியல். வேண்டாம் என்றால் அவள் முகம் வாடியது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் அறைக்குள் போய்ப் படிவத்தில் எழுதினேன். பிட்டை எந்த அளவில் எழுதுவது என்று தெரியாமல் "ஒரு கை, பிறகு இன்னொரு கை" என்று எழுதினேன்.

அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று தம்பியிடம் இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் "திடீரெண்டுதான் அக்கா" என்று சொல்லிவிட்டுக் கச்சேரிக்கு நேரமாகுது என்று எழும்பிப் போனான். குசினியில் மலரிடம் கேட்டேன். தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே அவள் சொன்னாள்: "எனக்குச் சொல்ல ஏலாது மச்சாள். இவர் சத்தியம் வாங்கியிருக்கிறார். மூதூரில சபியா எண்டு ஒரு ஆள் இருக்கிறா. இஞ்சத்தை ஆஸ்பத்திரியில அட்டெண்டனா இருந்தவ. மாமிக்குக் கடைசி மட்டும் மருந்து கட்டினது அவதான்."

அடுத்த நாள் தனியாக, குடாவைக் கடந்து மூதூருக்குப் போகும் மோட்டார் லோஞ்சில் ஏறினேன். ஓரத்தில் இருக்கப்போன என்னை ஓட்டி தடுத்து, "நீங்கள் நடுவில இருங்கோ தங்கச்சி" என்றான். பிறகு இரண்டு ஆண்களை எழுப்பி மற்றப் பக்கத்துக்கு அனுப்பினான். மூதூர் வரும்வரை நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சபியாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் யாரென்று சொன்னதும் பாய் விரித்தா. பிறகு என்னைப் பார்த்து, பாயைச் சுருட்டிவிட்டு, கட்டிலில் இருக்கச் சொன்னா.

"சீனி வருத்தம் மகள்," என்றா. "நாலு வருஷமா இரிந்த. உங்கட அம்மா கடைசியில பெரிய ஆள். கட்டிலில புரட்ட நாலு பேர் வேணும். காலில ஒரு புண் வந்து, விரலை எடுத்தாங்க. புறகு பாதம். புறகு முழங்காலுக்கு மேல."

அம்மா மெலிந்த ஆள் என்று சொன்னேன். என் ஞாபகத்தில் அப்படித்தான் இருந்தா.

"அது அந்தக் காலம். நீங்க போன புறகு வீட்டோட இருந்து ஊதிப்போனா. உங்கட படத்தைத் தலைமாட்டில வெச்சிருந்தா. வாறவங்களுக்கெல்லாம் காட்டுவா, என்ட மகள் ஊசி மாதிரி எண்டு."

"எனக்கு ஏன் ஒருத்தரும் எழுதேல்லை?"

சபியா சேலைத் தலைப்பைச் சரிசெய்தா. "அவ விடல்ல. மகள் வந்து என்னை இந்தக் கோலத்தில பாக்கப்படாது எண்டு சொல்லிட்டா. அவவுக்கு அது வெக்கம்."

நான் தன்னைப் பார்க்கக்கூடாதென்று அம்மா ஊரில் ஒளித்திருக்கிறா. அம்மா என்னைப் பார்க்கக்கூடாதென்று நான் லண்டனில் ஒளித்திருக்கிறேன். அந்த நாலு வருஷமும் இரண்டு பேரும் "நான் சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல்" என்று மாறி மாறி எழுதியிருக்கிறோம்.

சபியா கீழே குந்தியிருந்து, என் கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தினா. விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. "உங்களுக்கும் இரிக்கா?" என்று கேட்டா. ஊருக்கு வந்து பன்னிரண்டு நாளில் என் உடம்பை வருத்தமாகப் பார்த்த ஒரே ஆள் அவதான். அவவிடம் சத்திரசிகிச்சை பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "வயித்தை வெட்டினாப் பசி போகுமா மகள்?" என்றா. அந்தக் கேள்வி நாலு பக்கப் படிவத்தில் இல்லை.

திரும்பி வந்து, பின்னேரம் தங்கராசாவின் முன் படிவத்தை வைத்தேன். மூதூருக்குப் போனதைச் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டு நாலு பக்கத்தையும் வாசித்தான். கையெழுத்து இடத்தைக் காட்டி, "இது சும்மா பேருக்குத்தான். ஆறு மாதத்துக்கு நீ வந்து நிற்கத் தேவையில்லை. எனக்கு ஒரு ஆள் இருக்கெண்டு காட்டினாப் போதும்" என்றேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"அம்மான்ர காலுக்கும் நான்தான் கையெழுத்து வைச்சனான் அக்கா. விரலுக்கு ஒண்டு, பாதத்துக்கு ஒண்டு, முழங்காலுக்கு மேல ஒண்டு. மூண்டாவதை வைச்சு அஞ்சாம் நாள் ஆள் இல்லை. வேண்டாம் வேண்டாம் எண்டு அவ கத்தக் கத்த வைச்சனான்."

"இது வேற, தம்பி."

"எனக்கு வேற இல்லை." அவன் பேனையை எடுத்துச் சேட்டுப் பையில் போட்டான். "சாப்பாட்டைக் குறையுங்கோ. வேலையை விட்டிட்டு வாங்கோ, நாங்கள் பாக்கிறம். கையெழுத்து மட்டும் கேக்காதேங்கோ." பிறகு தனக்குள் சொல்வது போல, "வாங்கோ எண்டு சொல்லவும் பயமாக்கிடக்கு. இஞ்ச நாட்டு நிலைமையும் சரியில்லை" என்றான்.

பிறகு அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஸ்டேஷனில் விடைபெறும்போது என் கையைப் பிடித்தவன், ரயில் அசைந்த பிறகுதான் விட்டான்.

வைகாசியில் நிபுணரைச் சந்தித்தேன். ஒழுங்கான மனிதர். சாப்பாட்டுப் பட்டியலில் விரலை வைத்து, "பிட்டு என்றால் என்ன?" என்று கேட்டார். அரிசிமாவையும் தேங்காய்ப்பூவையும் ஆவியில் அவிப்பது என்றேன். "ஓ, கேக்" என்று சொல்லிப் பக்கத்தில் எழுதினார். இல்லை, அது எங்கள் சோறு மாதிரி என்றேன். "தினமும் கேக்" என்று அதன் கீழே கோடு போட்டார். இரத்தத்தில் சீனி அதிகம் என்று சொன்னார். அது எனக்குத் தெரியும். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"வீட்டில் யார் இருக்கிறார்கள்?"

"ஒருவரும் இல்லை."

"இந்த நாட்டில்?"

"இல்லை."

"உங்கள் நாட்டில்?"

"தம்பி இருக்கிறான்."

"அவர் ஏன் கையெழுத்து வைக்கவில்லை?"

"அன்பினால்" என்றேன். நான் ஆங்கிலத்தைப் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, அவர் அதே கேள்வியை இன்னும் மெதுவாக, சத்தமாகக் கேட்டார். பிறகு, சீனி இறங்கவேண்டும், மூன்று கல்லாவது குறையவேண்டும், பராமரிக்க ஒருவர் வேண்டும், அதற்குப் பிறகு ஒரு வருஷத்தில் வந்து பாருங்கள் என்றார். சொன்னது முழுவதும் நியாயம். நான் நேர்ஸ், என் நோயாளியாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வெளியே வந்து, பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இருந்த கடையில் ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கினேன். பஸ் வருமுன் அது முடிந்துவிட்டது.

போன கிழமை தம்பியின் கடிதம் வந்தது. கையெழுத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. திரியாயில் ஒரு தச்சனைப் பிடித்து, முதிரைப் பலகையில் எனக்கென்று ஒரு கதிரை செய்வித்திருக்கிறானாம். நல்ல அகலம், கால் நாலும் மொத்தம், எவ்வளவு பாரமும் தாங்கும் என்று எழுதியிருந்தான். துறைமுகம் தெரிகிற யன்னலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். வருகிற ஆட்களை அதில் இருக்க மலர் விடுவதில்லையாம், அது மச்சாளின் கதிரை என்று சொல்லிவிடுகிறாளாம். நான் இன்னும் பதில் எழுதவில்லை. வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் இரண்டு பேருக்கான இருக்கைகள் காலியாகக் கிடக்கும். நான் ஒன்றில் இருந்தால் பக்கத்தில் வருகிறவருக்கு இடம் போதாது என்பதால், அரை மணித்தியாலமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போகிறேன்.