டி மேஜரின் காவல்

மண்டபத்தில் கதிரைகளுக்குத் துணி போர்த்திக்கொண்டிருக்கும்போதே வீரசிங்கம் சட்டைப் பையிலிருந்து சுருதிக்குழலை எடுத்து உதட்டில் வைத்துவிடுவார். விரல் நீளமே உள்ள நிக்கல் குழல். ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியதும் மெல்ல ஊதுவார். இரண்டும் ஒன்றாகக் கலந்தால் தலையை ஆட்டுவார். கலக்காவிட்டால் ஒலியமைப்புக்காரரின் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குக் கண்டி ஹோட்டல்களில் நல்ல பெயர் கிடையாது.

கலியாண வரவேற்பில் ஆடப்போகிறவர்களுக்கு வால்ட்ஸ் நடனம் பழக்குவது அவர் தொழில். பேராதனை வீதியில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் வகுப்பு. வகுப்புக்கு வருகிறவர்களை முதலில் ஆடச் சொல்லமாட்டார், விசாரிப்பார். “யூடியூப் பாத்தனீங்களோ?” இல்லையென்றால் நம்பமாட்டார். ஆடும்போது வலது தோள் உயர்ந்தால், “பாத்திருக்கிறியள்” என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்வார். தேநீர்க்கடையில் பாலை முகர்ந்து பார்ப்பார். ஹோட்டல் தரையைச் சப்பாத்து நுனியால் உரசி, மெழுகு கூடிவிட்டதென்று முகாமையாளரைக் கூப்பிடுவார்.

அவரிடம் இருப்பது ஒரே ஒரு ஒலிப்பதிவு. ஏதோவொரு வியன்னா இசைநாடகத்தின் வால்ட்ஸ். டி மேஜர் சுருதி. வயலின்கள் தயங்கித் தயங்கித் தொடங்க, ஒரு பெண் செருக்கோடு பாட வருவாள். அதை ஒரு பென்ட்ரைவில் வைத்திருக்கிறார். யாருக்கும் பிரதி கொடுப்பதில்லை. நிகழ்ச்சியன்று தன் கையாலேயே ஒலியமைப்பு மிக்ஸரில் செருகி, முடிந்ததும் தன் கையாலேயே பிடுங்கிப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டுவார்.

காரணம் இருக்கிறது. ஒரே மண்டபத்தில் பகலில் ஒரு கலியாணம், மாலையில் இன்னொன்று. நேரம் பிந்தினால் ஒலியமைப்புக்காரர்கள் வேகத்தைக் கூட்டிப் பாட்டை ஓடவிடுவார்கள். குண்டசாலையில் ஒரு கலியாணத்தில் பாட்டு அரைச்சுருதி ஏறி ஒலித்தபோது, நடுப்பாட்டில் பென்ட்ரைவை இழுத்துவிட்டார். மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்தபடி அப்படியே நின்றார்கள். அதைப்பற்றி அவருக்கு வருத்தமில்லை. வேகம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். ஆகவே சுருதியைக் காத்தால் வேகம் தன் இடத்தில் நிற்கும். கசெட் காலத்திலிருந்து இந்த உலகத்தில் அவர் முழுதாக நம்புகிற விஷயம் இது ஒன்றுதான்.

சென்ற மாதம் தர்சிகாவின் கலியாணம். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வழக்கம்: பெண்ணைத் தகப்பன் வால்ட்ஸ் ஆடியபடியே மண்டபத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் கையில் ஒப்படைக்கவேண்டும். தகப்பன் விவேகானந்தன் ஓய்வுபெற்ற நில அளவையாளர். ஹந்தானை மலைச் சரிவுகளில் ஏறி இறங்கித் தேய்ந்த முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை செய்து கொஞ்சக் காலம்தான். முதல்நாள் ஒத்திகையில், மேடைக்கு முன்னால் திரும்பவேண்டிய இடத்தில் ஒவ்வொரு தடவையும் கால் பிந்தியது. ஒரு தடவை மகள் தாங்கிப் பிடிக்கவேண்டி வந்தது. நாளைக்கு அத்தனை பேர் முன்னால் அவள் அப்படிப் பிடிக்கக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

“மாஸ்டர், கொஞ்சம் மெதுவாப் போடேலாதோ?”

“மெதுவாப் போட்டா சுருதி இறங்கும். பிறகு அந்தப் பொம்பிளை ஆம்பிளைக் குரலிலதான் பாடுவா. சம்மதமோ?”

மிக்ஸரில் இருந்த ஒலியமைப்புக்காரர் ஹபீல், இப்போது அப்படியில்லை என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். வீரசிங்கம் சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அந்த மண்டபத்தில் அன்றைக்கும் பகல் கலியாணம் ஒன்று இருந்தது. ஒத்திகையை முடித்துவிட ஹபீலுக்கு அவசரம், அதற்காகத்தான் வாயெடுக்கிறார் என்று வீரசிங்கம் முடிவு செய்தார்.

மறுநாள் மாலை அவர் மிக்ஸரை விட்டு அசையவில்லை. பாட்டு தொடங்கியது. குழலை ஊதினார். டி. அச்சுப் பிசகாத டி. தலையை ஆட்டிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

விவேகானந்தன் மகளின் கையைப் பிடித்து ஆடுதளத்தில் இறங்கினார். வீரசிங்கத்தின் சப்பாத்து வழக்கம்போல் தாளம் போட்டது. ஆனால் சப்பாத்து முந்திக்கொண்டு விழுந்தது. நிறுத்தி, மீண்டும் தொடங்கினார். மறுபடியும் முந்தியது. தன் கால்மீதே அவருக்குச் சந்தேகம் வந்தது. குழலை எடுத்து ஊதினார். டி. பாடகியின் குரல் ஒரு மயிரிழைகூடத் தடிக்கவில்லை. ஆனால் நேற்றுவரை செருக்கோடு பாடியவள் இன்று யாரையோ சமாதானப்படுத்துவதுபோல் பாடினாள்.

அப்போதுதான் மிக்ஸரில் வழமையான இடத்திலிருந்து கீழே இறங்கியிருந்த சிறு வேக நெம்புகோலைக் கண்டார். அதன் அருகே ஒரு பச்சை வெளிச்சம்.

“இதில கை வச்சனீரோ?”

“ஓ, சேர்.” ஹபீல் கண்ணை ஆடுகிறவர்களிடமிருந்து எடுக்கவில்லை. “இந்த லைட் எரியிற நேரம் வேகம் மட்டும்தான் கொறயும். சுருதி அப்பிடியே நிக்கும். நேத்தே சொல்லப் பாத்தன், நீங்கதான் விடல்ல.”

வீரசிங்கத்தின் கை பென்ட்ரைவுக்குப் போயிற்று. குண்டசாலையில் போனதுபோலவே போயிற்று. விரல்கள் அதைப் பற்றின.

“புடுங்கிறதெண்டா புடுங்குங்க சேர்,” என்றார் ஹபீல், குரலைத் தாழ்த்தி. “அந்த மாமா திரும்பின பொறகு புடுங்குங்க.”

விவேகானந்தன் மேடைக்கு முன்னால் வந்துவிட்டார். அவர் தோளில் இருந்த மகளின் விரல்கள், தாங்குவதற்கு ஆயத்தமாக இறுகின. வயலின்கள் காத்திருந்தன. அவர் சத்திரசிகிச்சை செய்த அந்தக் காலை ஊன்றி, மற்றக் காலை இழுத்து, அடி பிந்தாமல் திரும்பினார். மகளின் விரல்கள் தளர்ந்தன. இன்னும் பாதி மண்டபம் இருந்தது, மாப்பிள்ளை அந்தக் கோடியில் நின்றார்.

வீரசிங்கம் பென்ட்ரைவைப் பிடித்தபடியே நின்றார். அது சற்றுத் தளர்வாகச் செருகப்பட்டிருந்தது. கழன்றுவிடாதபடி, பெருவிரலால் மெல்ல உள்ளே அழுத்தினார்.