தங்கச்சி என்று கூப்பிட்ட கம்பெங்

கம்பெங் என்னைத் திட்டாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் அண்ணன் எங்கள் வழக்கப்படி அவளைக் கட்டி அவள் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவன். போகும்போது எங்கள் உழவெருமையையும் ஓட்டிக்கொண்டு போனான். எருமையும் செத்தது, அண்ணனும் செத்தான், எருமை யாருக்கு என்ற சண்டை மட்டும் சாகவில்லை. மூன் ஆற்றங்கரையில் வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். என் அடுப்புப் புகை அங்கே போனால் செத்துப்போன என் அம்மா வரைக்கும் இழுப்பாள்.

அவளுக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை வியாதி. சேற்றுக் கிருமி புண் வழியாக ஏறும் என்று சுகாதார நிலையத்தில் ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். அவள் அதில் மண்ணை நிரப்பி வெங்காயத்தாள் நட்டாள். குதிகால் வெடிப்போடு வெறுங்காலில்தான் நாற்று நடப் போனாள்.

நடவு முடிந்த நாலாம் நாள் காலை, சோற்றுக் கூடையோடு வேலியருகே வந்து நின்றாள்.

"லம்துவன், சாப்டியா தங்கச்சி? இந்தா, சூடா இருக்கு."

கூடை காலி. நாற்பது வருஷத்தில் அவள் வாயில் தங்கச்சி என்ற சொல் வந்ததில்லை. அவள் கையைத் தொட்டேன். சுடவில்லை, சில்லிட்டிருந்தது. மூச்சு மட்டும் இரைத்தது.

அவள் மகள் பிம்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அம்மா நேற்றிலிருந்து ஒன்றுக்கே போகவில்லை, மார்பில் சிவப்புப் புள்ளி இருக்கிறது, இது பழக் காய்ச்சல், மூலிகை வேர்த்தண்ணீர் கொடுத்தாயிற்று என்றாள். பழக் காய்ச்சலில் பழம் தின்றாலோ ஊசி போட்டாலோ ஆள் பிழைக்காது என்பார்கள் எங்கள் ஊரில். அதை நம்பித்தான் என் புருஷனையும் வீட்டில் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் தூக்கினோம், விகாரைச் சுடுகாட்டுக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றேன்.

"ஊசி போட்டா செத்துடுவாங்க அத்தை. உங்களுக்கு அதானே வேணும்?"

"செத்தா என்னைத் திட்டு. இப்ப காலைப் பிடிச்சுத் தூக்குடி."

உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு போனோம். வழி முழுக்க கம்பெங் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்ததுபோல நான் எதற்கும் பயந்ததில்லை.

கால் வெடிப்பு வழியாகச் சேற்றுக் கிருமி ஏறி ரத்தம் முழுக்க நஞ்சாகிவிட்டது, வயசானவர்களுக்குக் காய்ச்சல் அடிக்காமலே புத்தி தடுமாறும், இது கூடத் தெரியாதா என்று டாக்டர் எங்கள் இருவரையும் திட்டினார். நரம்பில் வாரக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். கால்விரல் இரண்டை எடுத்தார்கள்.

சேர்த்த ஆறாம் நாளே அவள் கண்ணில் தெளிவு வந்தது. என்னைப் பார்த்தாள்.

"இவளை யாருடி உள்ள விட்டது? பழக் காய்ச்சல்ல ஊசி போட வச்சு என்னைக் கொல்லப் பாத்த முண்டை."

பிம்பா அழுதேவிட்டாள். நான் வெளியே போய் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன்.

இன்னும் பூட்ஸில் வெங்காயத்தாள்தான் வளர்கிறது. தினமும் காலையில் வேலியருகே காது கொடுத்து நிற்பேன். வசவு வந்தால் என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.