கிராதிக்கு வெளியே பதினாறு வருஷம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கூட்ஸ் ஆபீசில் ஒரு கடிதத்தைப் பாதி எழுதிக்கொண்டிருந்தேன். தலைமைக் குமாஸ்தா கூப்பிட்டுத் தொலைபேசியைக் கையில் கொடுத்தார். மறுமுனையில் எங்கள் போதகர். "மரகதம் அம்மா போயிட்டாங்க. இப்பத்தான், கொஞ்ச நேரம் முன்னால. தங்கச்சி பக்கத்துலதான் இருந்தாங்க" என்றார். "சரிங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு இடத்துக்கு வந்து கடிதத்தை முடித்தேன். அதைப் படித்துப் பார்த்த தலைமைக் குமாஸ்தா, "ஒண்ணும் புரியல. நீங்க வீட்டுக்குப் போங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எலிசபெத் மரகதம் அம்மாள் அவர்கள் ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்துக்குள் இரண்டு அறை வீட்டில் வாழ்ந்தவர்கள். கணவர் ஏசுதாஸ் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து காலமானவர். அம்மையார் தையல் இயந்திரம் வைத்து அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்தார்கள். எங்கள் தமிழ்ச் சபைக்குத் ராப்போஜனம் என்கிற திருவிருந்தில் ஊற்றுகிற திராட்சை ரசத்தைப் பதினைந்து வருஷம் செய்து கொடுத்ததும் அவர்கள்தான். நாங்கள் எல்லோரும் திருவிருந்து மேஜைக்கு முன்னாலிருக்கிற கிராதியருகே முழங்காலிட்டு அதைக் குடித்தோம். அவர்கள் மட்டும் குடிக்கவில்லை.

சபையின் சார்பில் அவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதும்படி என்னிடம் கேட்டார்கள். நல்ல வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை எழுதுகிற யோக்கியதை எனக்கு உண்டா என்பது வேறு விஷயம். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், படிப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சுதந்திரம் வந்த வருஷம் எனக்கு இருபத்துநாலு வயது. வேறு யாரும் முன்வராததால் சபைச் செயலாளராக ஆகியிருந்தேன். ஊரையெல்லாம் திருத்திவிடலாம் என்று நினைக்கிற வயது. அப்போதெல்லாம் திருவிருந்துக்கு வருகிறவர்கள் முந்தின நாள் சனிக்கிழமை மாலை ஆயத்த ஆராதனைக்கு வந்து பெயர் கொடுக்க வேண்டும். முன்பிருந்த போதகர் ஒவ்வொருவரையும் பார்த்து, "யாரோடாவது மனஸ்தாபம் உண்டா?" என்று கேட்பார். இல்லை என்றால்தான் நான் பெயரை எழுதுவேன்.

மரகதம் அம்மாளுக்குத் தங்கை சாராளோடு மனஸ்தாபம் இருந்தது சபைக்கே தெரியும். அக்கா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தனக்குப் பிடித்தவரைச் சாராள் கட்டிக்கொண்டார். அக்கா கல்யாணத்துக்குப் போகவில்லை. இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரே கோயிலில் இந்தக் கோடியில் ஒருவரும் அந்தக் கோடியில் ஒருவருமாக உட்கார்ந்தார்கள். அந்தச் சனிக்கிழமை போதகர் கேள்வியைக் கேட்டபோது மரகதம் அம்மாள், "இல்லைங்க ஐயா" என்றார்கள். நான் பெயரை எழுதினேன். மறுநாள் சகோதரிகள் இருவரும் கிராதியின் இரண்டு முனைகளில் முழங்காலிட்டார்கள்.

அந்த வாரமே அவர்களுடைய ஒரே மகள் டெய்சிக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. ஆறு வயது. வியாழக்கிழமை காய்ச்சல், சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது. மழையில் ஜட்கா வண்டி ஒன்றில் ஏசுதாஸ் அந்தச் சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. துக்கம் கேட்க வந்த சாராளைப் பார்த்ததும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டதும் நினைவிருக்கிறது. அன்று நடந்த இன்னொன்று மட்டும் எனக்கு நினைவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அதன் பிறகும் மரகதம் அம்மாள் ஒரு ஞாயிறு கூடக் கோயிலுக்கு வராமல் இருந்ததில்லை. பெண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சு, கதவை ஒட்டி. பாடுவார்கள், பிரசங்கம் கேட்பார்கள். மேஜை மேலிருக்கிற வெள்ளைத் துணியைப் போதகர் எடுக்கிற நேரம் எழுந்து வெளியே போய், தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்பார்கள். எல்லோரும் வாங்கி முடித்துக் கடைசிப் பாட்டு தொடங்கும்போது உள்ளே வந்துவிடுவார்கள். இதற்குச் சபையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நானும் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் வெளியிலிருந்து பாட்டிலில் வந்துகொண்டிருந்த ரசம் நின்றுபோயிற்று. கமிட்டியில் என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, "எங்க வீட்டுல செஞ்சி தர்றேன்னு சொல்றாங்க" என்று ஏசுதாஸ் வந்து சொன்னார். பருவத்தில் கருந்திராட்சையைக் கூடையாக வாங்கி, கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, சர்க்கரை போட்டுப் பிசைந்து பீங்கான் ஜாடியில் வைப்பார்கள். வாயைத் துணியால் கட்டி, தினம் ஒரு தரம் மரக்கரண்டியால் கிளறுவார்கள். மூன்று வாரம் கழித்து வடிகட்டியதும் எனக்கு ஆள் அனுப்புவார்கள்.

"தம்பி, கொஞ்சம் ருசி பாத்துச் சொல்லுங்க."

ஒக்கலிபுரத்தில் என் வீட்டிலிருந்து நடந்து போய், அவர்கள் நீட்டுகிற கரண்டியிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "ஃபஸ்ட் கிளாஸ் அக்கா" என்பேன். பதினைந்து வருஷமும் அதே இரண்டு வார்த்தைதான். "நீங்களே பாத்தா என்ன? குடிகாரின்னு பேர் வந்துடுமா?" என்று கிண்டலும் செய்வேன். அவர்கள் சிரித்துக்கொண்டே கரண்டியைக் கழுவி வைப்பார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஈஸ்டர். என் மைத்துனர் ஆனேக்கல்லில் சாகக் கிடந்தார். அவரைப் பார்க்கப் போய் மூன்று வாரம் அங்கேயே தங்கிவிட்டேன். அடக்கம் முடிந்து ஈஸ்டர் அன்று விடிந்ததும் முதல் பஸ்ஸில் திரும்பி நேரே கோயிலுக்குப் போய் முழங்காலிட்டேன். என் வரிசையில் எல்லோருடைய முகமும் கோணியது. ஒரு பெரியவர் இருமினார். பாத்திரம் என்னிடம் வந்தபோதுதான் தெரிந்தது, ரசம் காடியாகிப் போயிருந்தது. புதிதாக வந்திருந்த போதகர், இன்றும் எங்களோடு இருப்பவர், முகத்தில் ஒன்றும் காட்டாமல் மீதியைக் குடித்து முடித்தார்.

ஆராதனை முடிந்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வெளியே வந்து மரத்தடியில் மரகதம் அம்மாளைப் பிடித்தேன்.

"என்னக்கா இது, ஈஸ்டரும் அதுவுமா காடியைக் குடுத்திருக்கீங்க? ஒரு சொட்டு நாக்குல வச்சிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே!"

"நீங்க ஊர்ல இல்லையே தம்பி."

"நான் இல்லன்னா? உங்க நாக்கு எங்க போச்சு?"

அவர்கள் முந்தானையை விரலில் சுற்றினார்கள். "அது ஆண்டவரு ரத்தமாவப் போறது தம்பி. நான் எப்படி வாயில வைப்பேன்? ஒரு தரம் வச்சேன். டெய்சி போயிடுச்சி."

"அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்? யாரு சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க." பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னார்கள். "குழந்தையைக் கிடத்தி வச்சிருந்த அன்னைக்கு வாசல்ல நின்னுகினு யார்கிட்டயோ சொன்னீங்க. சண்டையை மனசுல வச்சிகினு ராப்போஜனம் எடுத்தா இப்படித்தான் ஆவும்னு. ஜன்னல் தெறந்திருந்துச்சி."

எனக்கு நினைவில்லாதது இதுதான். சொன்ன நினைவு இன்றுவரை வரவில்லை. ஆனால் அன்றைய நான் அதைச் சொல்லக்கூடியவன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த மரத்தடியில் வெட்கத்தால் செத்துவிடலாம் போல இருந்தது.

"சின்ன வயசுல ஒளறியிருக்கேன் அக்கா, மன்னிச்சிடுங்க."

"உங்க மேல என்ன தம்பி இருக்கு? சரியாத்தானே சொன்னீங்க" என்றார்கள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவ்வளவு பயம் இருக்கிறவர்கள் ஏன் ஞாயிறு தவறாமல் வருகிறீர்கள், ஏன் ரசம் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கிட்டப் போவத்தான் பயம். விட்டுட்டுப் போவ மனசு வரல. கோவமா இருந்திருந்தா சண்டை போட்டுத் தீத்துருப்பேன் தம்பி. இது கோவமில்ல. அங்க போய் முட்டி போட்டா அவரு என்னை நேரா பாப்பாரு."

"அவரு இப்ப பாக்கலையா?"

"பாக்கறாரு. ஆனா நான் கதவுக்கு வெளியில இருக்கேன்ல."

அன்றிலிருந்து அவர்களை உள்ளே கொண்டுவர என்னாலானதையெல்லாம் செய்தேன். போதகரை வீட்டுக்கு அனுப்பினேன். அவர் பொறுமையாக இரக்கத்தைப் பற்றி எடுத்துச் சொன்னார். அவர்கள் காபி கொடுத்து, எல்லாவற்றுக்கும் "சரிங்க ஐயா" என்று தலையாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பழையபடி மரத்தடி. கமிட்டியில் சண்டை போட்டு, பெயர் எழுதுகிற வழக்கத்தையும் மனஸ்தாபக் கேள்வியையும் நிறுத்தினேன். சபை நிம்மதியாக மூச்சுவிட்டது, அவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் சொன்ன ஒரு வாக்கியத்தை நானே திரும்ப எடுக்க முடியவில்லை.

போன கிறிஸ்துமஸ் சமயத்தில் வழக்கம்போல ருசி பார்க்கப் போனேன். கரண்டியை நீட்டியபோதுதான் பார்த்தேன். ரவிக்கையில் ஈரக்கறை. மார்பில் கட்டி வந்து, அது உடைந்து புண்ணாகி, மாதக்கணக்கில் துணி வைத்து மூடி யாருக்கும் காட்டாமல் இருந்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொன்னார்.

வார்டின் மூலைக் கட்டில். புண்ணின் நாற்றம் கதவு வரை வரும். நான் முதல் நாள் உள்ளே நுழைந்தபோதே ஆயா கன்னடத்தில், "வாசனெ ஜாஸ்தி சார், தூர நில்லி" என்று, தள்ளி நிற்கச் சொல்லித் தடுத்தாள். தடுத்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். மூக்கில் கைக்குட்டையோடு கால்மாட்டில் நின்றேன். சபைப் பெண்களும் வந்தார்கள், ஆரஞ்சுப் பழத்தைக் கால்மாட்டில் வைத்துவிட்டு அங்கிருந்தே ஜெபம் செய்தார்கள். "அங்கயே நில்லுங்க தம்பி, பரவால்ல" என்று மரகதம் அம்மாளே சொல்லிவிட்டார்கள்.

நான் செய்த ஒரே உருப்படியான காரியம், சாராளுக்கு ஒரு கார்டு போட்டது. அவர் கணவருக்கும் என் மைத்துனர் ஊரான ஆனேக்கல்லுக்கு மாற்றலாகி அங்கேயே குடியிருந்தார்கள். கார்டு கிடைத்த அன்றே பஸ் ஏறி வந்துவிட்டார். நான் அங்கே நின்றிருந்தேன். பதினெட்டு வருஷமாகப் பேசாத தங்கை, பையைக் கீழே வைத்துவிட்டு, ஆயாவிடம் வெந்நீர் கேட்டு வாங்கி, கட்டிலில் உட்கார்ந்து கட்டைப் பிரிக்க ஆரம்பித்தார். மரகதம் அம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

"பாக்காதே சாரா."

"எதைப் பாக்காதே? சின்னதுல என்னைக் குளிப்பாட்டி விட்டவ நீதானே. திரும்பு இப்படி."

திரும்பினார்கள். சாராள் மூக்கைப் பொத்தவில்லை. வேறு எங்கோ பார்த்துக்கொண்டும் செய்யவில்லை. புண்ணைப் பார்த்துப் பார்த்துத் துடைத்தார். அதன் பிறகு ஊருக்கே போகாமல் தினமும் செய்தார்.

இரண்டு வாரம் கழித்து மரகதம் அம்மாள் என்னிடம், "போதகர் ஐயாவை வரச் சொல்லுங்க தம்பி. ராப்போஜனம் எடுக்கணும்" என்றார்கள். எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

"பயம் போயிடுச்சா அக்கா?"

"போவல. மொத நாள் சாரா கட்டைப் பிரிச்சப்பக்கூட இப்படித்தான் பயமா இருந்துச்சி. பாத்துட்டு என்ன சொல்லுவாளோன்னு. அவ பாத்தா. ஒண்ணும் சொல்லல, துடைச்சா." மூச்சு வாங்கியது. "மூடி மூடி வச்சித்தான் புண்ணு இப்படி ஆச்சு தம்பி. அவரும் பாக்கட்டும்."

ஞாயிறு பிற்பகல் போதகர் சின்னப் பாத்திரத்தோடு வந்தார். ஸ்ரீராம்புரத்து ஜாடியில் அவர்கள் கடைசியாகச் செய்திருந்த ரசத்தில் கொஞ்சம் நான் கொண்டுபோயிருந்தேன். "தம்பி ருசி பாத்துட்டாரா?" என்று கேட்டார்கள். போதகர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு வாய் குடித்து, "ஃபஸ்ட் கிளாஸ் அக்கா" என்றேன். கைக்குட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, முதல் தடவையாகத் தலைமாட்டுக்குப் போய்ச் சாராளுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டேன்.

"ஐயா, அந்தப் பழைய கேள்வியைக் கேளுங்க" என்றார்கள் மரகதம் அம்மாள்.

போதகருக்குப் புரிந்தது. "யாரோடாவது மனஸ்தாபம் உண்டா?" என்று கேட்டார்.

அவர்கள் சாராளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். "இல்லைங்க ஐயா."

பாத்திரம் வாயருகே வந்தபோது எழப் பார்த்தார்கள். சாராள் தலையைத் தாங்கிப் பிடித்தார். கண்ணை மூடாமல் குடித்தார்கள். நாங்கள் பயந்துபோய்க் காத்திருந்தோம். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள்.

"சர்க்கரை தூக்கல் தம்பி. இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையே?"

சாராள் சிரித்துவிட்டார். போதகரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லக்கூடாததை ஜன்னல் திறந்திருக்கும்போது சொன்ன வாய், சொல்ல வேண்டிய சின்ன உண்மையைப் பதினைந்து வருஷமாகச் சொல்லாமல் விட்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார்கள். சமாதானமாகக் கண்மூடினார்கள் என்று எழுதத்தான் ஆசை. அப்படி நடக்கவில்லை. வலி குறையவே இல்லை, கத்தினார்கள், டெய்சியைக் கூப்பிட்டார்கள். ஒன்று மட்டும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியும். அந்த ஒன்பது நாளில் பார்க்க வந்த யாரிடமும் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை டெய்சிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். சாராள் ஊருக்குப் புறப்படும்முன் ஸ்ரீராம்புரத்து வீட்டைத் திறந்து, ஜாடியை என்னிடம் ஒப்படைத்தார். பாதிக்கு மேல் இருக்கிறது. வருகிற ஞாயிறு அதைத்தான் ஊற்றப் போகிறோம். இப்போது பயப்படுவது என் முறை. ஆனாலும் கிராதிக்குப் போவேன், பார்க்க வேண்டியதை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மரகதம் அக்கா, அன்று நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. சர்க்கரை தூக்கல்தான், முதல் ஜாடியிலிருந்தே. போய் வாருங்கள்.