கடலின் கீழ் எழுதிய மூன்று வரி

1. நான் ஜெர்மனியில் அகதி விண்ணப்பம் முடிவாகாமல் நான்கு வருடமாகக் காத்திருப்பவள். அனுமதியின்றி மாவட்டத்தைத் தாண்டக் கூடாது.
2. பால்டிக் கடலோர வெள்ளைப் பாறைகளைப் படமெடுக்க வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி கேட்டேன். "படமெடுப்பது அவசியமான காரணமல்ல" என்று மறுத்தார்கள்.
3. ஆனாலும் எங்கள் நகரப் புகைப்படக் கழகத்தினரோடு போய், இரண்டு பிலிம் சுருள் எடுத்து வந்தேன்.

வழியில் யாரும் மறிக்கவில்லை. காட்டிக்கொடுத்தது என் பழக்கம்தான். யாழ்ப்பாணத்தில் கட்டட வரைபடம் பயின்றவள் நான். ஒவ்வொரு படத்தின் கீழும் இடம், திகதி, நேரம் எழுதிவிடுவேன். கழகம் என் கடல் படமொன்றை நகரசபைக் கட்டடத்தில் காட்சிக்கு வைத்தது. மேல்மாடியில்தான் வெளிநாட்டவர் அலுவலகம். என் கோப்பைப் பார்க்கும் அதிகாரி மதியம் இறங்கி வந்து படத்தின் கீழ் இருந்ததை வாசித்தார். "அழகான படம்" என்றார். அடுத்த வாரம், மாவட்டம் தாண்டியதற்குத் தண்டம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது.

"இடத்தை எழுதாமல் விட்டிருக்கலாமே, தங்கச்சி?" என்று கழகத்திலுள்ள சிவா அண்ணை கேட்டார்.

"ஒளிக்க ஏலாது அண்ணை. கடல் பாக்கப் போறது களவே?"

இப்போதும் எழுதுகிறேன். ஆனால் அனுமதி கேட்கும்போது, மறுப்பை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் வாங்கிவிடுகிறேன். கடைசி மறுப்புக் கடிதத்தைப் படமெடுத்து, இடமும் திகதியும் நேரமும் எழுதி, அதே கட்டடத்தில் நடக்கும் அடுத்த காட்சிக்கு அனுப்பினேன். கழகம் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டது. கடலுக்கு இன்னும் அனுமதி இல்லை.